தண்ணீர் குடிக்கப் பயப்படும் பெண் பொறியாளர்கள்

தொலைதூரச் சுரங்கங்களிலும் கடல்நடுவே உள்ள எண்ணெய் மேடைகளிலும் பணிபுரிவோருக்கு உடற்தகுதிப் பரிசோதனை செய்யும் மருத்துவர் என்ற முறையில், அங்கிருந்து வரும் இளம்பெண்களிடம் நான் முதலில் கேட்பது, வேலை நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதைத்தான்.

அடிக்கடி சிறுநீர்த் தொற்றோடு வந்த ஓர் இளம் நிலவியலாளர், 12 மணி நேர ஷிப்டில் ஒரு பாட்டில் தண்ணீரைக்கூட முடிப்பதில்லை என்றார். கழிப்பறை, ஊழியர்கள் தங்கும் முகாமில்தான் இருந்தது. அங்கே போக வண்டி வேண்டும். வண்டியைக் கூப்பிட வாக்கிடாக்கியில் பேச வேண்டும். பேசினால் சுரங்கத்தில் உள்ள அத்தனை ஆண்களின் காதிலும் விழும். “ஒவ்வொரு தடவையும் ஊரைக் கூட்டியா சொல்ல முடியும், டாக்டர்?” என்றார். ஆன்டிபயாடிக் தொற்றைத் தீர்க்கும், கழிப்பறையைக் கொண்டுவராது. கடும் வெப்பத்தில் நீர் குறைந்தால் சிறுநீரகக் கல்லும் வெப்பத்தாக்கமும் வரக்கூடும் என்று நிர்வாகத்துக்கு எழுதி, வேலையிடத்தின் அருகிலேயே உட்புறம் தாழிடக்கூடிய கழிப்பறையும், நாப்கின் போட மூடியுள்ள தொட்டியும் கேட்டேன். ஒரே ஒரு பெண்ணுக்காகவா என்று பதில் கேள்வி வந்தது. இத்தனை காலமும் ஏன் ஒருவருக்கு மேல் நிலைக்கவில்லை என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

சுவாசக் கவசத்திலும் இதே அலட்சியம்தான். பெரிய முகத்துக்கான அளவைச் சிறிய முகத்தில் எவ்வளவு இறுக்கினாலும் ஓரங்களில் காற்று கசியும், பாறையை உடைக்கும்போது எழும், கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசியும் அவ்வழியே நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்து இல்லை என்பதால், கவசம் கசியாமல் முகத்தில் பொருந்துகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனையை அவரவர் அணியும் கவசத்தைக் கொண்டே செய்யும்படி வற்புறுத்துங்கள்.

ஷிப்ட் முடிந்தபின் முகாமில் நடப்பது தங்கள் பொறுப்பல்ல என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் ஏற்று, 2021இல் நடைமுறைக்கு வந்த 190ஆம் உடன்படிக்கை, வேலை தருபவர் அளிக்கும் தங்குமிடத்தையும் உடை மாற்றும் இடத்தையும் வேலை தொடர்பான பயணத்தையும் துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புக்குள் கொண்டுவருகிறது. ஆனால் ஷிப்ட் பட்டியல் போடும் மேற்பார்வையாளரிடமே புகாரையும் கொடுக்க வேண்டியிருந்தால், எந்தப் பெண் வாய்திறப்பாள்? ஆகவே பணியில் சேருமுன், அறையின் மாற்றுச்சாவி யாரிடம் இருக்கும், முகாமுக்கு வெளியே புகாரை வாங்குபவர் யார் என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள்.