பூநாரைகளை எண்ணுவது எப்படி?

தை பிறந்தால் தனுஷ்கோடியைப் பற்றி ஒரு செய்தி வந்துவிடும்: ஆயிரக்கணக்கான பூநாரைகள் வந்து குவிந்திருக்கின்றன என்று. சரி, எத்தனை ஆயிரம்? எண்ணியது யார்? கோதண்டராமர் கோயிலைச் சுற்றிக் கிடக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பில் அவை நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எண்ணி முடிகிற கூட்டமில்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் கணக்கெடுப்புத் தாளில் ஓர் எண் ஏறத்தான் செய்கிறது. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் வனக்காவலர்களோடு தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பயிற்சி மாணவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அந்த எண்ணைப் பிடிக்கும் வழியைத்தான்.

நம் கண் ஒரே பார்வையில் தடுமாறாமல் சொல்லக்கூடியது நான்கு வரைதான். அதற்கு மேல் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும், இல்லையென்றால் மதிப்பிட வேண்டும். பெரிய கூட்டத்துக்கு மதிப்பீடுதான். கூட்டத்தின் ஓர் ஓரத்தில் ஐம்பது பறவைகளை நிதானமாக எண்ணி, அந்த ஐம்பதும் தொலைநோக்கியின் வட்டத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்கிறார்கள். அப்புறம் அதே அளவுத் துண்டைக் கூட்டத்தின் மேல் வரிசையாக வைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். பாம்பனில் மீன் ஏலம் விடுகிறவர் குவியலைப் பார்த்தே எடை சொல்வதும் ஏறக்குறைய இப்படித்தான்.

சிக்கல் எங்கே என்றால், கூட்டம் எங்கும் ஒரே நெருக்கமாக இருக்காது. ஓரத்தில் கலைந்து நிற்கும், நடுவில் அடைந்து நிற்கும். ஓரத்தில் எடுத்த அளவை நடுவிலும் வைத்தால் பாதிப் பறவைகள் கணக்கிலிருந்து நழுவிவிடும். அதனால் நெருக்கம் மாறும் இடத்தில் அளவையும் மாற்ற வேண்டும். கரை தாழ்வாக இருந்தால் முன்வரிசை பின்வரிசையை மறைக்கும். கொஞ்சம் மேடான இடம் தேவை. கால்களை எண்ணி இரண்டால் வகுக்கலாமே என்று யாருக்காவது தோன்றலாம். பூநாரை ஒற்றைக் காலில் நின்று ஓய்வெடுக்கும் பறவை, அந்தக் கணக்கு தேறாது.

உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சிறிய கரைப்பறவைகள் கலந்து நின்றால் வேலை இன்னும் கடினம். ஆர்க்டிக் பகுதியிலிருந்து வரும் கொசு உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். இங்கே முதலில் இனம் பாராமல் மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். பிறகு தொலைநோக்கியைக் கூட்டத்தின் வெவ்வேறு இடங்களுக்குத் திருப்பி, ஒரு நூறு பறவைகளை மட்டும் இனம் பிரிக்கிறார்கள். நூறில் அறுபது கொசு உள்ளான் என்றால் மொத்தத்திலும் நூற்றுக்கு அறுபது என்று கொள்வது. தீவுப் பக்கம் தென்படும் நண்டுதின்னி போன்ற கறுப்பு வெள்ளைப் பறவைகள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். சிறு கூட்டமாக இருந்தால் ஒவ்வொன்றாகவே எண்ணிவிடலாம்.

இவ்வளவு செய்தும் எண் சரியாக இருக்குமா? இருக்காது. கூட்டம் பெரிதாகப் பெரிதாக, மனிதர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஆனால் தவறு எப்போதும் ஒரே அளவில் இருந்தால் பெரிய நஷ்டமில்லை. ஒருவர் எப்போதும் நூற்றுக்கு எண்பதைத்தான் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பறவை இருந்த ஆண்டில் 800 என்று எழுதுவார். மறு ஆண்டு 750 ஆகக் குறைந்தால் 600 என்று எழுதுவார். இரண்டு எண்ணும் தவறு. ஆனால் கால்பங்கு குறைந்திருக்கிறது என்ற உண்மை அப்படியே வந்துவிடுகிறது. பூங்காவுக்கு வேண்டியதும் பெரும்பாலும் அதுதான்.

ஆள் மாறினால் இது கெட்டுப்போகும். புதியவர் நூற்றுக்கு அறுபதைத்தான் பிடிக்கிறார் என்றால், பறவை ஒன்றுகூடக் குறையாமலே தாளில் சரிவு தெரியும். பயிற்சி மாணவர் சில மாதத்தில் ஊருக்குப் போய்விடுவார், அடுத்த பருவத்தில் வேறொருவர் வருவார். என்னைக் கேட்டால் இந்த வேலையின் பெரிய பலவீனம் இதுதான், விலையுயர்ந்த கருவி இல்லாதது அல்ல. சொல்லப்போனால் புதுத் தொலைநோக்கி வந்தாலும் இதே தொல்லைதான். நன்றாகத் தெரிவதாலேயே எண்ணிக்கை ஏறிவிடும். பழையவரும் புதியவரும் ஒரே கூட்டத்தை ஒருவருக்கொருவர் சொல்லாமல் எண்ணி, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு தீர்வு. அதே கூட்டத்தைப் படம் பிடித்து, கட்டம் போட்டுப் பொறுமையாக எண்ணித் தன் கண்ணின் பிழையை அறிந்துகொள்வது இன்னொன்று. ஆண்டுக்கணக்கில் அதே கரையில் நடக்கும் உள்ளூர்க் காவலர் “தம்பி, நீ நடுவுல விட்டுட்ட” என்று சொன்னால் மறுபடி எண்ணிவிடுவது நல்லது.

நேரமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வெயில் ஏறினால் கானல் அலையில் தூரத்துப் பறவைகள் கரைந்துபோகும். அதனால் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும் காலை நேரமே வசதி. இந்தக் கரையில் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. ஆனால் தரை தட்டையாகக் கிடப்பதால் நீர் ஒரு சாண் இறங்கினாலே பெரிய சேற்றுப்பரப்பு வெளியே வரும், பறவைகள் இரை தேடிச் சிதறிவிடும். வாடைக்காற்று பலமாக அடித்தாலும் நீர்மட்டம் இடம் மாறும். தாளில் காற்றுக்கும் நீர்மட்டத்துக்கும் தனிக் கட்டம் இருப்பது அதனால்தான்.

ஒரு வல்லூறு வந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பி அடுத்த நீர்நிலையில் போய் இறங்கும். அங்கே நிற்பவர் அதையே மறுபடி எண்ணிவிடுவார். எனவே முகுந்தராயர் சத்திரம், அரிச்சல்முனை, கோதண்டராமர் கோயில் என்று அருகருகே உள்ள இடங்களை வெவ்வேறு குழுக்கள் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். கூட்டம் எழும்பினால் எந்நேரம், எந்தத் திசை என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

பறவையே இல்லாத இடத்துக்கும் ஒரு வரி உண்டு. அங்கே 0 என்று எழுதாமல் காலியாக விட்டால், பின்னால் படிப்பவருக்குப் பறவை வரவில்லையா, ஆள் போகவில்லையா என்று தெரியாது.