கிழிந்த தபால்தலையும் மனத்தின் தடையும்

1980ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு சோதனைக்குத் தேவைப்பட்டது ஒரு வரிசைத் தபால்தலை மட்டுமே. விறைப்புத்தன்மை போய்விட்டது என்று சொல்லி வரும் ஆண், இரவு படுக்கப் போகும்போது ஒன்றோடொன்று பிரிக்கப்படாத சில தபால்தலைகளை ஆணுறுப்பைச் சுற்றி வளையமாக ஒட்டிக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும், தலைக்கும் தலைக்கும் இடையே உள்ள துளைவரிசை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிழிந்திருந்தால் உறக்கத்தில் விறைப்பு ஏற்பட்டிருக்கிறது என்று பொருள். இதே வேலையை மேலும் துல்லியமாகச் செய்யும் கருவிகள் பின்னர் வந்துவிட்டன என்றாலும், ஒரு ரூபாய்க் காகிதத்தில் இவ்வளவு சொல்லிவிடும் சோதனைகள் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

உடல்நலமுள்ள ஆணுக்கு ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை, பெரும்பாலும் கனவுகள் வரும் உறக்கக் கட்டத்தில், விறைப்பு ஏற்படுகிறது. விடியற்காலையில் பலரும் கவனிப்பது அவற்றில் கடைசியானதை. பெண்களுக்கும் அதே உறக்கக் கட்டத்தில் பிறப்புறுப்பில் இரத்த ஓட்டம் கூடுகிறது. இது காமக் கனவுகளால் மட்டும் வருவதன்று. கனவு எதைப் பற்றியதாக இருந்தாலும் வரும். எனவே தபால்தலை கிழிந்திருந்தால் அந்த மனிதரின் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஏறத்தாழ நல்ல நிலையில்தான் இருக்கின்றன. கிழியாமலே இருந்தால் பார்வையை உடலின் பக்கம் திருப்ப வேண்டும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றால் குழாய்கள் அடைபடத் தொடங்கும்போது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டமே உள்ள ஆணுறுப்பின் தமனிகளில் குறை முதலில் தெரிந்து, அதைவிட அகலமான இதயத் தமனிகளில் சில ஆண்டுகள் கழித்துத் தெரியக்கூடும். நாற்பது வயதைத் தாண்டியவர் இதை வெட்கப்பட்டு மறைப்பது இதயத்துக்கும் நல்லதன்று.

ஆனால் இந்தக் கட்டுரையின் அக்கறை தபால்தலை கிழிந்த மனிதரைப் பற்றியது. உறங்கும்போது தானாக நிகழ்வது, விழித்திருக்கும்போது, அதுவும் விரும்பும் துணை பக்கத்தில் இருக்கும்போது, ஏன் நிகழ மறுக்கிறது?

விடை தேடுவதற்கு முன் உடலின் ஏற்பாட்டைச் சற்றுப் பார்க்க வேண்டும். தளர்ந்திருக்கும் ஆணுறுப்பு சும்மா இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்தத் தளர்ச்சியே ஒரு வேலை. ஆபத்தில் உடலை உசுப்பிவிடும் பரிவு நரம்புகள் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைத் தொடர்ந்து சுரந்து, உள்ளே இருக்கும் மென்தசைகளை இறுக்கி வைத்திருப்பதால்தான் அங்கே இரத்தம் நிறைவதில்லை. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும், உடலை அமைதிப்படுத்தும் இணைப்பரிவு நரம்புகள் தூண்டப்படும்போது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு வெளிப்பட்டு, அந்தத் தசைகள் தளர்ந்து, இரத்தம் உள்ளே பாய்கிறது. அதாவது விறைப்பு என்பது ஒரு தசை தளர்வதால் வருவது. அச்சத்தில் சுரப்பதும் அதே நார்அட்ரினலின்தான். புலியைக் கண்டவனுக்கு உடல் எதைச் செய்யுமோ, அதையே அவமானத்துக்கு அஞ்சுபவனுக்கும் செய்கிறது. கனவுறக்கத்தின்போது மூளைத்தண்டில் நார்அட்ரினலின் சுரக்கும் நரம்பணுக்கள் அடங்கிவிடுகின்றன. பிடித்துவைத்த கை விலகுவதால்தான் உறக்கத்தில் விறைப்பு வருகிறது என்பது பல ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்தப் பிடிப்பை உளவியலின் மொழியில் எடுத்துரைத்தவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜான் பேங்க்ராஃப்ட்டும் நெதர்லாந்து உளவியலாளர் எரிக் யான்சனும். பூச்சியியல் படித்த ஆல்ஃப்ரெட் கின்சி 1947இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பாலியல் ஆய்வு நிறுவனத்தில் இருவரும் பணியாற்றினார்கள். பாலுணர்வைப் பசியைப் போலவோ, தண்ணீர்த் தொட்டியைப் போலவோ, நிறைந்தும் குறைந்தும் போகும் ஒற்றைச் சக்தியாக நினைக்கும் வழக்கத்தை அவர்கள் விட்டார்கள். கிளர்ச்சியை எழுப்பும் அமைப்பு ஒன்றும், அதை அடக்கும் அமைப்பு ஒன்றும் மூளையில் தனித்தனியே இயங்குகின்றன. நம் நிலை இரண்டும் சேர்ந்து தீர்மானிப்பது என்றார்கள். இரு சக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கு இது எளிதில் புரியும். வண்டி நகரவில்லையென்றால் ஆக்சிலரேட்டரை முறுக்காதது ஒரு காரணமாக இருக்கலாம், பிரேக்கைப் பிடித்திருப்பது இன்னொரு காரணமாக இருக்கலாம். பிரேக்கைப் பிடித்தபடி முறுக்குபவருக்கு வண்டி நகராது, இன்ஜின்தான் சூடாகும்.

2002இல் அவர்கள் வெளியிட்ட 45 கேள்விகள் கொண்ட படிவம் ஆண்களின் விடைகளிலிருந்து மூன்று தனித்தனிப் பண்புகளைப் பிரித்துக் காட்டியது. ஒன்று, கிளர்ச்சி எழும் எளிமை. மற்ற இரண்டும் தடைகள். முதல் தடை, தோற்றுவிடுவோமோ என்ற அச்சத்தில் விழுவது. இரண்டாவது, விளைவுகளுக்கு அஞ்சி விழுவது: கருத்தரித்துவிடுமோ, நோய் தொற்றுமோ, யாராவது பார்த்துவிடுவார்களோ. மெல்லிய தடுப்புக்கு அப்பால் மாமியார் இருமும் ஓசை கேட்கும் வீட்டில் வாழ்ந்த எவருக்கும் இந்த இரண்டாம் தடையை விளக்கத் தேவையில்லை. இதற்குப் பயனும் உண்டு. இது மிகக் குறைவாக உள்ளவர்கள் ஆபத்தான உறவுகளில் முன்யோசனையின்றி இறங்கும் வாய்ப்பு கூடுதல். முதல் தடை கூடுதலாக உள்ளவர்களிடம்தான் விறைப்புக் குறைபாடு அதிகம் காணப்பட்டது. உயரம், குரல் போன்றவற்றில் மனிதர்கள் வேறுபடுவதைப் போலவே இவற்றிலும் வேறுபடுகிறார்கள். பெரும்பாலோர் நடுவில், சிலர் இரு ஓரங்களில்.

தோல்வி அச்சம் என்ற அந்த முதல் தடை எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் ஆய்வுகள் மிகச் சுவையானவை. 1976இல் ஜேம்ஸ் கீர், ராபர்ட் ஃபியூர் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களின் ஒரு காதில் காமக் கதையின் ஒலிப்பதிவையும் மறு காதில் எண்களையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டார்கள். சிலர் எண்களைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. சிலர் அவற்றை எழுத வேண்டும். சிலர் மனத்தில் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கதை எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் கணக்கு கடினமாக ஆக உடலின் கிளர்ச்சி படிப்படியாகக் குறைந்தது. இதில் அச்சமோ அவமானமோ எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கவனம் வேறிடம் போனது, அவ்வளவுதான்.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் பார்லோ அடுத்த பத்தாண்டில் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். குறையேதும் இல்லாத இளைஞர்களுக்குக் காமக் காட்சிகளைக் காட்டி, போதிய கிளர்ச்சி வரவில்லையென்றால் மின்னதிர்ச்சி கிடைக்கக்கூடும் என்று அவருடைய குழு எச்சரித்தது. எல்லாரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, அந்த இளைஞர்களின் கிளர்ச்சி கூடியது. அதே மிரட்டல் விறைப்புக் குறைபாடு உள்ள ஆண்களிடம் கிளர்ச்சியைக் குறைத்தது. அச்சம் இருவருக்கும் உண்டு. அது கவனத்தை எங்கே தள்ளுகிறது என்பதில்தான் வேறுபாடு. முதல் வகையினர் காட்சியில் இன்னும் ஆழ்ந்தார்கள். இரண்டாம் வகையினர் தம் உடலைக் கண்காணிக்கத் தொடங்கினார்கள்: வருகிறதா, நிற்கிறதா, போய்விடுமா? காதில் எண்களைக் கூட்டிய மாணவர்களைப் போல அவர்களும் ஒரு கணக்கில் மூழ்கிப்போகிறார்கள், கணக்கு அவர்களைப் பற்றியதே என்பது மட்டும்தான் புதிது. மேலும், இவர்கள் தமக்கு ஏற்பட்ட கிளர்ச்சியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். வந்ததும் வந்ததாகத் தோன்றவில்லை.

நம் ஊரில் இந்தக் கண்காணிப்புக்கு என்றே ஓர் இரவு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நாள் தூக்கமில்லாத மணமகன், அதிகம் பேசிப் பழகாத மணமகள், பூ அலங்காரம், பால் செம்பு, கதவுக்கு வெளியே நமட்டுச் சிரிப்போடு கலையும் உறவினர் கூட்டம், விடிந்ததும் முகத்தைப் பார்த்தே முடிவுசெய்யப்போகும் அத்தைமார்கள். தோல்வி அச்சத்தையும் விளைவு அச்சத்தையும் ஒருசேரத் தூண்டும் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைக்கச் சொன்னால், ஓர் உளவியலாளர் இதைவிடச் சிறப்பாக அமைத்துவிட முடியாது. அன்று உடல் ஒத்துழைக்காமல் போவது வெகு இயல்பு. சிக்கல் மறுநாள் தொடங்குகிறது, நேற்று நடந்தது இன்றும் நடக்குமோ என்று அவர் காத்திருக்கும்போது.

காத்திருப்பவருக்கு ஒரு காரணமும் தயாராக இருக்கிறது. உண்ணும் உணவு சாரமாகி, செந்நீராகி, ஊன், கொழுப்பு, என்பு, மூளை எனப் படிப்படியாக வடிந்து கடைசியில் சுக்கிலமாகிறது என்பது சித்த மருத்துவத்தின் ஏழு உடற்கட்டுகள் பற்றிய கொள்கை. இதிலிருந்து கிளைத்த ‘விந்து விட்டவன் நொந்து கெட்டான்’ என்ற வழக்கைக் கேட்டு வளர்ந்த இளைஞன், தன் சுயஇன்பப் பழக்கத்தால் உடலின் மூலதனத்தையே தொலைத்துவிட்டதாக நம்புகிறான். சோர்வு, இடுப்பு வலி, படபடப்பு, விந்து வீணாவது பற்றிய கவலை ஆகியவை சேர்ந்து வரும் இந்த நிலைக்கு, மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் ‘தாத்’ நோய்க்குறித் தொகுப்பு என்று பெயரிட்டார். உடற்கட்டைக் குறிக்கும் தாது என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. உடலியல் வேறு கதை சொல்கிறது. விந்தில் விந்தணுக்களின் பங்கு நூற்றில் சில பங்குதான். மீதியெல்லாம் விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். விந்தணுக்கள் ஓயாமல் உற்பத்தியாகின்றன, வெளியேறாதவற்றை உடலே சிதைத்து உறிஞ்சிக்கொள்கிறது. சேமிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் தடையை அழுத்த உண்மை தேவையில்லை, நம்பிக்கையே போதும். பேருந்து நிலையச் சுவர்களிலும் வார இதழ்களின் கடைசிப் பக்கங்களிலும், இன்ன தேதியில் இன்ன விடுதியில் வைத்தியர் முகாம் என்று வந்த அறிவிப்புகள் அந்த நம்பிக்கையை உரம்போட்டு வளர்த்தவை. பாலின்பத் திறனை வளர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் தடைசெய்திருக்கிறது என்பது அந்தச் சுவர்களுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. இளமையில் செய்த தவறு என்ற ஒரு சொல்லால் முதலில் நோயை உண்டாக்கி, பிறகு அதற்கே லேகியம் விற்கும் இந்த வணிகத்தைப் பற்றிப் பொறுமையாக எழுத எனக்கு வரவில்லை.

இதுவரை ஆண்களைப் பற்றியே பேசியதற்குக் காரணம், அவர்களிடம் அளப்பது எளிது என்பதால் ஆய்வுகளும் அவர்களிடமே தொடங்கின. பெண்களுக்கான படிவத்தை சிந்தியா கிரஹாமும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்டபோது அதே இரு அமைப்புகள் தென்பட்டன, ஆனால் தடைகளின் உள்ளடக்கம் மாறியிருந்தது. துணையை நம்பலாமா, என் உடலைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார், எல்லாம் சரியாக அமைந்தால்தானே மனம் செல்லும் என்பவை அங்கே முன்னுக்கு வந்தன. கனடாவைச் சேர்ந்த மருத்துவர் ரோஸ்மேரி பேசன் 2000ஆம் ஆண்டில் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார். விருப்பம் முதலில் வந்து கிளர்ச்சி பின்னால் வர வேண்டும் என்பது கட்டாயமில்லை. நெருக்கத்தை நாடித் தொடங்கி, கிளர்ச்சி எழுந்த பிறகே விருப்பம் விழித்துக்கொள்வது பலருக்கு, குறிப்பாக நெடுநாள் மணவாழ்வில் உள்ள பெண்களுக்கு, முற்றிலும் இயல்பானது. எனக்கு ஆசையே எழுவதில்லை என்று குற்றவுணர்வோடு வரும் பெண்களில் சிலருக்கு இந்த ஒரு தகவலே பாதி மருந்து.

உடலும் மனமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதையும் அளந்திருக்கிறார்கள். மெரிடித் சிவர்ஸும் குழுவினரும் 2010இல் 132 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிறப்புறுப்பின் மாற்றத்துக்கும் தாம் உணர்வதாகச் சொன்ன கிளர்ச்சிக்கும் இடையிலான ஒட்டுறவு ஆண்களிடம் 0.66, பெண்களிடம் 0.26 என்று இருந்தது. ஒன்று என்பது முழு ஒற்றுமை. உடலில் ஈரம் இருப்பதால் அவளுக்கு விருப்பம் இருந்தது என்று வாதிடுபவர்களுக்கு இந்த எண்ணே மறுப்பு. பாலுணர்வுக்குரிய ஒன்று அருகே இருக்கிறது என்பதை உடல் அறிவிக்கிறது, அது பிடித்திருக்கிறதா என்பதை அவள் வாய்தான் அறிவிக்க முடியும்.

1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரை, நைட்ரிக் ஆக்சைடு தொடங்கிவைத்த தளர்ச்சியை நீடிக்கச் செய்கிறது. தொடக்கம் பாலியல் தூண்டுதலிலிருந்து வந்தால்தான் அதற்கு வேலை; ஆசையை அது உண்டாக்குவதில்லை. மருத்துவர் சொல்லாமல் வாங்கிப் போடுவது, குறிப்பாக நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்களுக்கு, உயிருக்கே ஆபத்து. தடையை விலக்கும் வழி இதைவிடப் பழையது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பாலியல் ஆய்வாளர்களான வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் 1970இல் விவரித்த முறை அது. தம்மையே வேடிக்கை பார்க்கும் பார்வையாளராக மாறிவிடுவதே இந்தக் குறைபாட்டின் மையம் என்று கண்ட அவர்கள், தம்பதியர் உடலுறவு கொள்வதை முதலில் தடைசெய்தார்கள்.

இந்தச் சிகிச்சை நடைமுறையில் இப்படித்தான் இருக்கும். தம்பதியர் ஒரு மாலையில், அவசரமில்லாத நேரத்தில், கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு, ஒருவர் மற்றவரின் முதுகையோ கையையோ தோளையோ சில நிமிடங்கள் தொட வேண்டும். பிறகு முறை மாற வேண்டும். மார்பகமும் பிறப்புறுப்பும் இப்போதைக்கு விலக்கு. தொடுபவர் துணையை மகிழ்விக்க முயலக் கூடாது. தோலின் வெப்பம், வழவழப்பு, கரடுமுரடு ஆகியவற்றைத் தன் விரல்நுனியில் கவனிப்பதே அவர் வேலை. கவனம் கணக்குக்கு ஓடினால், மறுபடி விரல்நுனிக்குக் கொண்டுவர வேண்டும். விறைப்பு வந்தால் வரட்டும், போனால் போகட்டும், அதை வைத்து எதையும் செய்யக் கூடாது. பல அமர்வுகள் கடந்த பிறகே விலக்குகள் ஒவ்வொன்றாகத் தளர்த்தப்படும். தேர்வே இல்லையென்று ஆன பிறகு தோற்பதற்கும் ஒன்றுமில்லை. பிடித்துவைக்க ஆளில்லாத மென்தசை, உறக்கத்தில் தளர்வதைப் போலவே, விழிப்பிலும் தளரத் தொடங்குகிறது. சிகிச்சையில் இருக்கும் தம்பதியர் சிலர், சொல்லத் தயங்கியபடி, விதியை மீறிவிட்டதாக மருத்துவரிடம் வந்து ஒப்புக்கொள்வதுண்டு.