ஸ்லோ பழம் பறிக்கிறீர்களா? முள்ளைக் கவனியுங்கள்

இங்கிலாந்தில் செப்டம்பர் பிறந்துவிட்டால் வேலியோரமெல்லாம் ஸ்லோ என்ற குட்டிக் காட்டுப் பிளம் பழம் கருநீலமாகக் காய்த்துக் குலுங்கும். ஜின் மதுவில் ஊறப்போடவும் ஜெல்லி காய்ச்சவும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பறிக்கலாமா, விஷமில்லையே என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, பழத்தைவிட அது காய்க்கும் பிளாக்தார்ன் புதரின் முள்ளைக் கண்டால்தான் பயம்.

அதன் சின்னக் கிளைகளே நுனி கூர்ந்து முள்ளாகிவிடும். குத்தினால் நுனி உள்ளேயே ஒடிந்து தங்கிவிடலாம். வெளியே பார்த்தால் ஒரு புள்ளிதான், ஊசியால் நோண்டிவிட்டு மறந்துவிடுவோம். சில நாளோ சில மாதமோ கழித்து விரல் மூட்டு வீங்கும், மடக்க முடியாமல் விறைத்துக்கொள்ளும், மூட்டுவாதமாக இருக்கும் என்று வலி மாத்திரை போட்டுக்கொண்டே காலம் ஓடும். எக்ஸ்ரேயில் முள் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கவேண்டும். மூட்டுக்குள் துணுக்கு கிடந்தால் ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது, அறுவை செய்து எடுக்க வேண்டிவரும். அதனால் விரல் வீக்கத்துக்கு எந்த டாக்டரிடம் போனாலும், எப்போதோ முள் குத்தியதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். விரல் முழுக்க வீங்கி, நீட்டினாலே உயிர்போகிற வலி என்றால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.

தடித்த தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி இல்லாமல் புதருக்குள் கைவிடாதீர்கள். கிளை சட்டென்று திரும்பி அடித்தால் கண்ணில் குத்தும். டெட்டனஸ் ஊசி பாக்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பழத்துக்கு வருவோம். முள்ளுள்ள மரப்புதர், மேலே சாம்பல் பூத்த பழம், உள்ளே ஒரே ஒரு கொட்டை: மூன்றும் சேர்ந்திருந்தால்தான் ஸ்லோ. பளபளவென்ற கறுப்புப் பழம், அடியில் நட்சத்திரம் மாதிரி விரிந்த பச்சைப் புல்லி, செடியில் முள்ளே இல்லை என்றால் அது டெட்லி நைட்ஷேட் என்ற கொடிய விஷச்செடியாக இருக்கலாம், தொடவே வேண்டாம். கொத்துக் கொத்தாக வேலியில் காய்க்கும் பிரிவெட் பழமும் விஷம்தான்.

ஸ்லோவைப் பச்சையாகத் தின்றால் நாவல்பழத்தைவிடப் பல மடங்கு துவர்க்கும். உறைபனி விழட்டும் என்று காத்திருப்பது இங்கே வழக்கம், ஒரு ராத்திரி ஃப்ரீசரில் போட்டாலும் தோல் இளகிவிடும். அப்புறம், கொட்டையை மிக்சியில் போட்டு அரைத்துவிடாதீர்கள். பருப்பில் அமிக்டலின் இருக்கிறது, உடைபட்டால் சயனைடு உண்டாகும். ஜெல்லிக்கு வேகவைத்த பழத்தைத் துணியில் வடிகட்டி, கொட்டையை முழுசாகவே எறிந்துவிடுங்கள்.