பழைய மாடல் கிட்டின் பெயின்டை உரிக்கும் முன்

தொழிற்சாலைகளில் பெயின்ட் ஸ்ப்ரே அடிக்கும் பூத்துக்குள் போய், அங்கே வேலை செய்பவர்களின் மூச்சில் என்னென்ன கலக்கிறது என்று அளந்து சொல்வது என் வேலை. சில வருடங்களாக, தொழிற்சாலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கூட்டமும் என்னிடம் கேள்வி கேட்கிறது. பழைய பிளாஸ்டிக் மாடல் கிட்களை (பாகம் பாகமாக ஒட்டிக் கட்டும் விமானம், கப்பல், கார் பொம்மைகள்) வாங்கி, பிரித்து, சுத்தம் செய்து, புதிதாகப் பெயின்ட் அடித்து அலமாரியில் வைப்பவர்கள். அவர்கள் மேசையில் இருக்கும் பாட்டில்களைப் பார்த்தால் நான் ஆய்வு செய்யும் ஷெட்டுகளில் இருக்கும் அதே சமாச்சாரங்கள்தான். ஷெட்டில் எக்ஸாஸ்ட் ஃபேனும் பாட்டிலில் லேபிளும் இருக்கும். இங்கே இரண்டும் இருப்பதில்லை.

புதுக் கிட் ஒன்றை வாங்கி, வெட்டி, ஒட்டி, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்டைத் தூரிகையால் பூசுபவருக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிளேடு பத்திரம். அவ்வளவுதான். சிக்கல் எல்லாம் பழையதை மீட்பதில் இருக்கிறது. குறிப்பாக, பெயின்டை உரிக்கிற கட்டத்தில்.

ஏன் என்றால், கையில் வரும் பொருளின் கதை யாருக்கும் தெரியாது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பலையும் முதல் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தையும் 1950களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரெவெல் நிறுவனத்தின் ‘மிசௌரி’ போர்க்கப்பல் 1953. அரோரா நிறுவனத்தின் ஃபிராங்கன்ஸ்டைன் உருவம் 1960களின் தொடக்கம். அன்று இவற்றைக் கட்டியவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பையன்கள். ட்யூப் பசையைத் தாராளமாகப் பிதுக்கி, சின்ன டப்பா எனாமலைத் தடிமனாகப் பூசியிருப்பார்கள். அப்புறம் பரணில் கிடந்து, கை மாறி, நடுவில் இன்னொருவர் மேலே வேறொரு பெயின்டை அடித்து, இப்போது உங்களிடம் வந்திருக்கிறது. எத்தனை அடுக்கு, எந்த அடுக்கில் என்ன என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

முதல் கவலை ஈயம். பழைய எனாமல் பெயின்டுகளில் மஞ்சள், ஆரஞ்சு, சில பச்சை நிறங்களுக்கு லெட் குரோமேட் என்ற நிறமி பரவலாகப் பயன்பட்டது. அமெரிக்கா 1978-ல்தான் வீட்டுப் பயன்பாட்டுப் பெயின்டில் ஈயத்தை 0.06 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் வீட்டுப் பெயின்டுக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். எல்லாப் பழைய டப்பாவிலும் ஈயம் இருந்தது என்று சொல்லவில்லை. இல்லை என்று நம்பி வேலை செய்யாதீர்கள் என்கிறேன். அந்தப் பெயின்ட் மாடலின் மேல் அப்படியே இருக்கும்வரை யாருக்கும் தொந்தரவு இல்லை. உப்புத்தாளை எடுத்து உலர்ந்த நிலையில் தேய்க்க ஆரம்பிக்கும்போதுதான் அது தூளாகி, விரல் நகத்திலும் டீ டம்ளர் விளிம்பிலும் படிகிறது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் விஷயம் இன்னும் மோசம். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் செய்யும் கெடுதலுக்கு ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்ற பாதுகாப்பான அளவே கிடையாது. அதனால் வாட்டர் பேப்பர், ஒரு கிண்ணம் தண்ணீர், ஈரத்தோடு தேய்ப்பது, முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடைப்பது. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூள் மறுபடி பறக்கும்.

ஈயம் இன்னோர் இடத்திலும் ஒளிந்திருக்கும். மூன்று சக்கர விமானம் வால் பக்கம் சாயாமல் இருக்க மூக்குக்குள் மீன்பிடி ஈயக் குண்டுகளைப் போட்டு, மரவேலைக்கான வெள்ளைப் பசையை ஊற்றி இறுக்குவது அந்தக் காலத்துப் பழக்கம். இன்றும் செய்கிறார்கள். அந்தப் பசையிலிருந்து மெல்ல வெளிவரும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். பொடி ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால், பல வருடம் கழித்து மூக்கு இணைப்போடு பிளந்துகொள்ளும். பிளந்த மூக்கிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டினால் அது காய்ந்த பசை என்று ஊதித் தள்ளாதீர்கள். ஈரத்துணியில் வழித்து, கவரில் போட்டு மூடுங்கள். புதிதாக எடை சேர்க்க இரும்புக் குண்டும் எபாக்ஸியும் போதும்.

இப்போது உரிப்பது. இணையத்தில் ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். பிரேக் ஆயிலில் ஊறப்போடு, ஓவன் கிளீனர் அடி, குரோம் பூச்சு என்றால் பிளீச்சில் முக்கு. மூன்றும் வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் வரிசை தலைகீழ். நான் சொல்லும் வரிசை சோப்புத் தண்ணீரில் தொடங்கும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அதுவும் கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தில் ஒரு பஞ்சுக்குச்சியால் தொட்டுப் பார்த்துவிட்டு. அக்ரிலிக் அடுக்கு பெரும்பாலும் இதிலேயே இளகிவிடும். (ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பு இருக்கும் பக்கம் போகாதீர்கள்.) எனாமல் மசியவில்லை என்றால் மட்டும் அடுத்த படி. மெல்லிய அடுக்காக இருந்து, அடியில் இருக்கும் வார்ப்பு வரிகள் தெரிகின்றன என்றால் உரிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. லேசாகத் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே போகலாம். இதைச் சொன்னால், முழுக்க உரித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பிரேக் ஆயிலில் உரிப்பது டாட் 3, டாட் 4 வகைதான். அவை கிளைக்கால் ஈதர் கலவை. டாட் 5 சிலிக்கோன் என்பதால் அது பெயின்டை ஒன்றும் செய்யாது. கிளைக்கால் சேர்மங்கள் தோல் வழியாகவும் உள்ளே போகும், எனவே நைட்ரைல் கையுறை கட்டாயம். திறந்த டப்பாவில் இரவு முழுக்க ஊறவிட்டால் நாய், பூனை நக்கக்கூடும். அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கச் சிறிய அளவே போதும். மூடியுள்ள டப்பா, உயரமான அலமாரி. சில பழைய பிளாஸ்டிக் அதில் அதிக நேரம் கிடந்து முறுகிப்போனதையும் பார்த்திருக்கிறேன்.

ஓவன் கிளீனரின் உள்ளே இருப்பது காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு. தொழிற்சாலையில் எனக்கு அமிலத்தைவிடக் காரத்தின் மேல்தான் பயம் அதிகம். அமிலம் கண்ணில் பட்டால் மேல்திசுவை உறையவைத்து, அந்த உறைவே ஓரளவு தடுப்பாகிவிடும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி இல்லாமல் இந்த ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். தெறித்துவிட்டால் இமையைத் திறந்து பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது, முப்பது நிமிடம் கழுவுங்கள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது. இன்னொன்று, அலுமினியப் பாத்திரத்தில் காஸ்டிக்கை ஊற்றாதீர்கள். சூடேறி, பொங்கி, ஹைட்ரஜன் வாயுவை விடும்.

கார் மாடல்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பம்பர், வீல் கப் மேல் இருக்கும் பளபளப்பு, பெயர்தான் குரோம். உண்மையில் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த மெல்லிய அலுமினியம். பிளீச்சில் போட்டால் கரைந்துவிடும். இதை எல்லோரும் எங்கே செய்கிறார்கள்? பாத்ரூமில். அங்கே பக்கத்திலேயே டாய்லெட் கழுவும் ஆசிட் பாட்டில் இருக்கும். பிளீச்சும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு. பிளீச்சும் அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் சேர்ந்தால் குளோரமைன். ஜன்னல் இல்லாத பாத்ரூமில் இரண்டுமே ஆளைக் கீழே தள்ளும். பிளீச் வேலை முடிந்த டப்பாவை நிறையத் தண்ணீரில் அலசாமல் வேறு எதையும் அதில் ஊற்றாதீர்கள். பிளீச் போன வடிகாலில் அன்றே ஆசிட்டையும் ஊற்றாதீர்கள்.

மூச்சு விஷயத்தில் நான் அடிக்கடி பார்க்கும் தவறான நம்பிக்கை இரண்டு. ‘ஏசி போட்டிருக்கிறேன், காற்று ஓடுகிறது.’ வீட்டு ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருப்பதையே சுற்றிச் சுற்றி விடுகிறது. தின்னர் நெடியும் அதோடு சுற்றும். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும் என்பதால் நெடி போய்விட்டதாகத் தோன்றும். தலை பாரமாகும்போதுதான் தெரியும். ‘என்95 மாஸ்க் போட்டிருக்கிறேன்.’ அது தூளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. தின்னர், லாக்கர், ஏர்பிரஷ் வேலைக்குக் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் வேண்டும். கார்ட்ரிட்ஜை மேசையில் திறந்து போட்டால் சும்மா கிடக்கும்போதே காற்றிலுள்ளதை உறிஞ்சித் தீர்ந்துவிடும். ஜிப் கவரில் போட்டு வையுங்கள். தாடி இருந்தால் மாஸ்க் ஒட்டாது, அதற்கு நான் என்ன செய்ய?

இந்த மாஸ்கும் போதாத ஒரு பொருள் இருக்கிறது. பழைய கார் மாடலுக்கு நிஜக் கார் மாதிரி மினுமினுப்பு வேண்டும் என்று டிங்கரிங் கடையிலிருந்து ‘2கே’ கிளியர் (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் நிறமற்ற மேல்பூச்சு) வாங்கி வந்து வீட்டில் அடிக்கிறார்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. உலகெங்கும் தொழில்வழி ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அது. நெடியை வைத்து எச்சரிக்கையாக இருக்கலாம் என்றால், நெடி தெரிவதற்கு முன்பே அளவு தாண்டியிருக்கும். உடம்பு ஒருமுறை அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சிரைக்கும். பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். கார் பெயின்டர்கள் இதை அடிக்கும்போது வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் மாஸ்க் போட வேண்டும் என்று நான் எழுதிக்கொடுக்கிறேன். படுக்கையறை மேசையில் அடிப்பவருக்கு என்ன எழுதிக்கொடுப்பது? ‘வேண்டாம்’ என்று மட்டும்தான். ஹார்டனர் கலக்காத கிளியரை மெல்லிய கோட்டாகப் பல தடவை அடித்து, பாலிஷ் போட்டாலே போதுமான மினுமினுப்பு கிடைக்கும்.

ஒட்டிய பாகங்களைப் பிரிப்பதற்கு ரசாயனமே தேவையில்லாமல் போகலாம். சூப்பர் க்ளூ போட்ட இணைப்பு என்றால், கவரில் கட்டி ஃபிரீசரில் சில மணி நேரம் வையுங்கள். பசை முறுகி, லேசாக நெம்பினால் விட்டுவிடும். அசிட்டோன் சூப்பர் க்ளூவைக் கரைக்கும்தான், கூடவே கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையும் கரைக்கும். ட்யூப் பசை நன்றாகப் பிடித்த இடம் பசையே அல்ல, இரண்டு பிளாஸ்டிக்கும் உருகி ஒன்றான இடம். அதை ரம்பத்தால் அறுக்கத்தான் வேண்டும். (அந்த ட்யூப் பசையைப் பிள்ளைகள் போதைக்காக முகர ஆரம்பித்ததால், 1960களின் இறுதியில் அமெரிக்காவின் டெஸ்டர்ஸ் நிறுவனம் அதில் கடுகெண்ணெய்ச் சாரத்தைக் கலந்தது.) சூப்பர் க்ளூவைப் பஞ்சால் துடைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பஞ்சில் பட்டால் அது மிக வேகமாக இறுகிச் சூடேறும், விரல் சுடும், சில நேரம் புகையும் கிளம்பும்.

ஆன்டெனாக் கம்பிக்காக ஸ்ப்ரூவை (கிட்டின் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை) மெழுகுவத்தியில் காட்டி இழுப்பவர்கள், பசை பாட்டிலை மூடிவிட்டுத் தீக்குச்சியை எடுங்கள். இதை எழுத வேண்டியிருக்கிறதே என்றுதான் இருக்கிறது.

உங்கள் உடம்புக்கு இல்லாவிட்டாலும் கிட்டுக்கு ஆபத்தான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய கிட்டில் வரும் மெத்தென்ற வினைல் டயர்களை முதல் நாளே தனிக் கவரில் பிரித்து வையுங்கள். அவற்றை மென்மையாக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். திறக்காத பெட்டி என்று அதிக விலை கொடுத்து வாங்கி, உள்ளே கண்ணாடிப் பாகத்தில் டயர் தடம் பதிந்திருந்ததைக் கண்டு நொந்தவர்கள் உண்டு.

கடைசியில் கழிவு. உபயோகித்த தின்னரைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் சில நாள் விட்டால் நிறமி அடியில் தங்கும், மேலே தெளிந்ததைத் தூரிகை கழுவ மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அடியில் தங்கும் வண்டலும், ஈயம் இருக்கலாம் என்று சந்தேகப்படும் துணியும் தாளும், பழைய பிரேக் ஆயிலும் தனித்தனி டப்பாவில், உள்ளே என்ன என்று எழுதிய லேபிளோடு இருக்கட்டும். இவை வீட்டு அபாயக் கழிவு, மக்கும் குப்பையோடும் மக்காத குப்பையோடும் சேரக்கூடாது. உங்கள் பகுதியில் இதை எங்கே, என்றைக்கு வாங்குகிறார்கள் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். குப்பை எடுக்க வருபவரிடம் கொடுப்பதானால் உள்ளே என்ன இருக்கிறது என்று வாயாலும் சொல்லிக் கொடுங்கள், அவர் வெறுங்கையால்தான் பிரிப்பார்.