குழந்தையின் இதயத்தில் ஓட்டை என்றால்: ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் என்ன கிடைக்கும்?

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் எட்டு ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதாவது ஒரு பிறவிக் குறை இருக்கும். எல்லாமே ஆபரேஷன் வரை போவதில்லை. கீழறைகளுக்கு நடுவே உள்ள சின்ன ஓட்டை பல குழந்தைகளுக்குத் தானாகவே மூடிக்கொள்ளும். ஆபரேஷன் தேவைப்பட்டால் செலவுக்கு வழி செய்வதுதான் 2013-ல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம், சுருக்கமாக ஆர்.பி.எஸ்.கே.

பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது இது. திட்டத்தில் உள்ள ஒன்பது பிறவிக் குறைகளில் இதயக் குறையும் ஒன்று. கண்டுபிடிப்பதிலிருந்து ஆபரேஷன் வரை குடும்பம் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் திட்டத்தின் விதி.

அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் முதல் பரிசோதனை அங்கேயே நடக்கும். ஆறு வாரம் வரை வீட்டுக்கு வரும் ஆஷா பணியாளரோ கிராம சுகாதார செவிலியரோ பார்ப்பார். அப்புறம் ஆறு வயது வரை அங்கன்வாடியிலும், அதன்பின் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் நடமாடும் மருத்துவக் குழு வந்து பார்க்கும்.

ஆனால் இதய விஷயத்தில் அங்கன்வாடி வரை காத்திருக்கக் கூடாது. கருவில் திறந்திருக்கும் ஒரு ரத்தக்குழாய் பிறந்த சில நாட்களில் மூடிவிடும். சில கடுமையான குறைகளில் அந்தக் குழாயை நம்பித்தான் குழந்தை உயிரோடு இருக்கும். அதனால்தான் முதல் நாள் நன்றாக இருந்த பிள்ளை வீட்டுக்குப் போனதும் திடீரென்று நீலம் பாய்கிறது. டிஸ்சார்ஜுக்கு முன் "ஆக்சிஜன் அளவு பார்த்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். பிறந்து 24 மணி நேரம் கழித்து, வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்ப்பார்கள். ஊசி கிடையாது, சில நிமிட வேலை. 90 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். 95 அல்லது அதற்கு மேல் இருந்து, கைக்கும் காலுக்கும் வித்தியாசம் 3-க்குள் என்றால் சரி. இது எல்லாக் குறைகளையும் காட்டிக்கொடுக்காது. பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, நாலு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சு வாங்குவது, எடை ஏறாதது ஆகியவற்றையும் கவனியுங்கள்.

சந்தேகம் வந்தால் அடுத்த இடம் இதே ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம். பெயர்தான் நீளம். தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தையையும் கொண்டுபோகலாம். எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கவும், ஆபரேஷன் செய்யும் மருத்துவமனைக்கு அனுப்பவும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். உதடும் நாக்கும் நீலமாக இருந்தால் மையத்தைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு வயதுக்குள் நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, ரத்தம், வண்டி எல்லாம் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசம்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இதய ஆபரேஷன் உண்டு. அது பணமில்லா சிகிச்சை முறை. முன் அனுமதி வாங்கித்தான் தொடங்குவார்கள். ஆகவே நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு அப்புறம் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறவில்லையே என்றும் தயங்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், தாயின் காப்பீட்டு அட்டை, எக்கோ ரிப்போர்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் முதலில் பேசுங்கள்.