வினையை ‘இணைக்க’ வேண்டாம், விகுதி ஏற்றுங்கள்

‘ஸ்பானிய வினைச்சொற்களை இணைப்பது எப்படி?’ தொடக்கநிலைப் பாடங்களின் தமிழாக்கங்களில் இந்தத் தலைப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எதை எதோடு இணைப்பது? வினைகளை இணைப்பதென்றால் ‘பாடிக்கொண்டே நடந்தான்’ போன்ற தொடர்தான் நமக்கு நினைவுக்கு வரும். பாடத்தில் இருப்பதோ வேறு. ‘ஆப்லார்’ (பேச) என்ற சொல்லின் கடைசி ‘ஆர்’ நீங்கி, ‘ஆப்லோ’ (பேசுகிறேன்), ‘ஆப்லாஸ்’ (பேசுகிறாய்), ‘ஆப்லாமோஸ்’ (பேசுகிறோம்) என்று இடத்துக்கேற்ற விகுதி வந்து சேர்கிறது.

இப்படி விகுதி சேர்வதற்கு ஆங்கிலத்தில் கான்ஜுகேஷன், ஸ்பானியத்தில் கொன்ஹுகாசியோன் என்று பெயர். இரண்டும் லத்தீன் வழி வந்தவை. வேர்ச்சொல்லின் பொருள் நுகம். உடனே ‘இணைப்பு சரிதானே’ என்பார்கள். சரியில்லை. இலக்கணத்தில் லத்தீன்காரர் இச்சொல்லை ஆண்டது ‘சிசிகியா’ என்ற கிரேக்கச் சொல்லின் பெயர்ப்பாக. கிரேக்க இலக்கணிகள் ஒரே நுகத்தில் பூட்டியது பகுதியையும் விகுதியையும் அல்ல. ஒரே மாதிரி விகுதி ஏற்கும் வினைகளைத்தான். அந்தப் பொருளுக்குத் தமிழில் ‘வாய்பாடு’ என்ற சொல் பழகிக் கிடக்கிறது. ஸ்பானியத்தில் ஆர், ஏர், ஈர் என மூன்று வாய்பாடுகள் என்றால் யாருக்கும் விளங்கும்.

இதே ஆங்கிலச் சொல்லின் ‘கான்ஜுகேட்’ என்ற வடிவத்துக்கு வேதியியலில் ‘இணை அமிலம்’, ‘இணை காரம்’ என்பது பொருத்தம். அங்கே இரண்டு பொருள்கள் இணையாகவே நிற்கின்றன. அகராதியில் முதலில் கிடைத்த அந்த ‘இணை’யை இலக்கணத்துக்கும் தூக்கிவந்து போட்டால் அது மொழிபெயர்ப்பாகாது. வாக்கியம் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் சொல்லுக்குச் சொல் வைப்பதால் வருகிற கேடு இது. பகுதி, விகுதி, இடைநிலை என்று சொல்லின் உறுப்புகளை நன்னூல் பிரித்துக் காட்டிய மொழியில் இதைச் செய்வது எனக்குப் பொறுக்கவில்லை.

‘வினைத்திரிபு’ இதைவிட மேல். ஆனாலும் ஒழுங்கு வினைக்கு நான் அதை ஏற்க மாட்டேன். திரிதல் என்றால் நம் இலக்கணத்தில் ஓர் எழுத்து வேறொன்றாக மாறுவது. ‘பென்சார்’ (நினைக்க) என்ற வினை ‘பியென்சோ’ (நினைக்கிறேன்) ஆகும்போது பகுதியே மாறுகிறது. அங்கே திரிபு என்று சொல்லலாம். ‘ஆப்லோ’வில் பகுதி அப்படியே நிற்கிறது. அதையும் திரிபு என்றுவிட்டால் ஒழுங்கு வினைக்கும் ஒழுங்கற்ற வினைக்கும் உள்ள வேறுபாட்டை எந்தச் சொல்லால் சொல்லப்போகிறோம்?

ஆகவே செயலுக்கு ‘விகுதி ஏற்றல்’, வகைக்கு ‘வாய்பாடு’. இப்படிச் சொன்னால் தமிழ் மாணவருக்குப் பாதிப் பாடம் அப்போதே முடிந்துவிடும். ‘பேசுகிறேன்’ என்றாலே ‘நான்’ தெரிவதுபோல ‘ஆப்லோ’வும் தனியே நிற்கும். ஆனால் ‘ஆப்லா’ அவனுக்கும் அவளுக்கும் மரியாதைக்குரிய ‘உஸ்தெத்’துக்கும் (நீங்கள்) பொது, நம் ஆன், ஆள் வேறுபாடு அங்கே இல்லை. ஏர், ஈர் வாய்பாடுகளும் நிகழ்காலத்தில் இரண்டே இடங்களில்தான் பிரிகின்றன: ‘கொமேமோஸ்’ (உண்கிறோம்), ‘பிபீமோஸ்’ (வாழ்கிறோம்) என்னும் தன்மைப் பன்மையிலும், ஸ்பெயினில் வழங்கும் ‘பொசோத்ரோஸ்’ என்ற முன்னிலைப் பன்மையிலும். லத்தீன் அமெரிக்காவில் ‘பொசோத்ரோஸ்’ பேச்சில் இல்லாததால், அங்கத்திய ஸ்பானியம் படிப்பவருக்கு, அர்ஜென்டினா போல ‘நீ’ என்பதற்கு ‘பொஸ்’ வழங்கும் பகுதிகள் நீங்கலாக, ஓரிடம்தான் மிச்சம்.

பயிற்சி வினாவையும் இப்படியே எழுதலாம்: ‘பிபீர்’ என்ற வினைக்கு நிகழ்கால விகுதிகளை ஏற்றி எழுதுக.