சேலத்து வெயிலில் ஸ்பிண்டிலைக் குளிர்விப்பது எப்படி?

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் தேக்குக் கதவுகளுக்குப் பூவேலைப்பாடு செதுக்கும் மரப்பட்டறைகளில் இன்று சி.என்.சி. ரவுட்டரை, அதாவது கணினி காட்டும் வழியில் மரத்தைச் செதுக்கும் இயந்திரத்தை, பார்ப்பது அரிதன்று. அந்த இயந்திரத்தின் உயிர், வெட்டும் கருவியைப் பிடித்துச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டில். பரவலாக வாங்கப்படும் 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் 80 மி.மீ. விட்டமும் ஒரு சாணுக்கு மிகாத நீளமும் கொண்ட உருளை. இது மூன்று குதிரைத்திறனுக்குச் சமம். கிணற்றடியில் அதே திறனுள்ள பழைய மோட்டாரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்; வரிவரியாக விலா எலும்பு போன்ற உடலும், பின்னால் ஒரு விசிறியும் அதற்கு இருக்கும். அவ்வளவு திறனையும் ஒரு சாண் உருளைக்குள் அடக்கி, நிமிடத்துக்கு 24,000 சுற்று சுழலவிடும்போது, வெளிப்பரப்பாக மிஞ்சுவது ஏறக்குறைய 500 சதுர சென்டிமீட்டர் மட்டுமே. உள்ளே பிறக்கும் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்க அந்தப் பரப்பு போதாது. ஆகவேதான் அதன் கூட்டுக்குள் வழி அமைத்துத் தண்ணீரை ஓடவிடுகிறார்கள்.

சூடு மூன்று இடங்களில் பிறக்கிறது: செம்புச் சுருள்களில், இரும்புத் தகடுகளிலும் நடுவில் சுழலும் பாகமான ரோட்டரிலும், பேரிங்குகளில். முழுச்சுமையில் இவ்வகை மோட்டார் வாங்கும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாகிறது என்று வைத்துக்கொண்டால், அது 500 வாட்டுக்குச் சற்றே மேல். பூவேலைப்பாட்டில் முழுச்சுமை எப்போதாவதுதான் விழும் என்றாலும், கணக்கை 500 வாட்டுக்குப் போட்டுவைப்பது நல்லது. சூடு ஏறினால் முதலில் அடிபடுவது பேரிங்கில் உள்ள கிரீஸ். 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸின் ஆயுள் பாதியாகிறது என்பது பேரிங் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. அடுத்து அடிபடுவது அளவு. 200 மி.மீ. நீள எஃகுத் தண்டு 20 டிகிரி சூடேறினால் 0.046 மி.மீ. நீள்கிறது. கதவு வேலையில் அதைக் கண்ணால் காண முடியாது. வெள்ளிக் கொலுசுக்கு அச்சு வெட்டுபவருக்கோ காலையில் வெட்டிய கோடும் நண்பகலில் வெட்டிய கோடும் ஆழத்தில் ஒத்துப்போகாது.

தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை. ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் இறக்கிவைக்கிறது. வாங்கும் வேலையில் அதற்கு ஈடு இல்லை. நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினாலே 500 வாட்டையும் ஏந்திக்கொண்டு, உள்ளே போனதைவிட 3.6 டிகிரி மட்டும் கூடுதல் சூட்டோடு வெளியே வந்துவிடும். சேலத்தில் சிக்கல் எழுவது இறக்கிவைக்கும் இடத்தில்தான். 20 லிட்டர் வாளியில் பம்பை முக்கிவிட்டு வேலையைத் தொடங்கினால், முழுச்சுமையில் அந்த நீர் மணிக்கு ஏறக்குறைய 21 டிகிரி ஏறும். சித்திரை மாதத்தில், தகரக் கூரைக்கு அடியில், காலையிலேயே 30 டிகிரியில் இருக்கும் வாளி நீர் முதல் மணி முடிவில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். 100 லிட்டர் டிரம் ஒன்றை வைத்தால் மணிக்கு 4 டிகிரிதான் ஏறும். ஒரு வேளை வேலைக்கு அது போதும். விலை குறைந்த, பழுதாகாத தீர்வு இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

விசிறியும் ரேடியேட்டரும் மட்டும் கொண்ட குளிர்விப்புப் பெட்டிகளை வாங்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அவை தண்ணீரை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 50 வாட் வீதம் வெளியேற்றும் பெட்டியாக இருந்தால், 500 வாட்டுக்கு 10 டிகிரி வேறுபாடு வேண்டும். வெளியே 39 டிகிரி என்றால் தண்ணீர் 49-இல் வந்து நிற்கும். கம்ப்ரசர் உள்ள சில்லர் மட்டுமே காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போக வல்லது. இவ்விரண்டுக்கும் நடுவே மண்பானையின் வழி ஒன்று உண்டு. திரும்பி வரும் நீரைச் சற்று உயரத்திலிருந்து மெல்லிய தாரைகளாகத் திறந்த தொட்டியில் விழச்செய்தால், சேலத்தின் வறண்ட கோடைக் காற்றில் ஒரு பகுதி ஆவியாகி மிச்சத்தைக் குளிர்விக்கும். மணிக்கு முக்கால் லிட்டர் ஆவியானால் 500 வாட்டும் அதோடு போய்விடும். ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே. அதில் கரைந்த உப்பு தொட்டியிலேயே தங்கி, நாளுக்கு நாள் செறிவாகும்.

சேலத்துக்காரருக்கு உப்புத் தண்ணீரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஏற்காட்டு மலையடிவாரத்தில் மாக்னசைட் வெட்டியெடுக்கப்படும் வெண்ணிறக் குன்றுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். போர் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லா வீடுகளிலும் பார்த்திருக்கிறோம். கால்சியம் பைகார்பனேட் சூடுபடும்போது கார்பனேட்டாக மாறிச் சுவரில் ஒட்டுகிறது. ஸ்பிண்டிலுக்குள்ளும் இதுவே நடக்கிறது. அந்தப் படிவம் அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்கு அளவே கடத்தும் என்றாலும், அரை மில்லிமீட்டர் கனத்துக்கு அதனால் கூடும் சூடு சில டிகிரிதான். பெரிய தீங்கு, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள வழி குறுகிப்போவது. மேட்டூர்த் தண்ணீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். ஆயினும் மூடிய தொட்டிக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே தகும். அதனோடு கார் ரேடியேட்டர் கூலண்டைப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால், பித்தளை இணைப்பும் அலுமினியமும் எஃகும் ஒரே நீரில் நனைவதால் வரும் அரிப்பு கட்டுப்படும். ஆவியாக விடும் திறந்த தொட்டிக்குக் கூலண்ட் சேர்க்க வேண்டாம். பாசி வெளிச்சத்தில் வளரும். கறுப்பு டியூபும் மூடியும் போதும்.

அடுத்தது பம்பும் டியூபும். பட்டறைகளில் பெரும்பாலும் ஏர் கூலரில் வரும் 18 வாட் பம்பைத்தான் முக்கிவைக்கிறார்கள். அது ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம் வரை நீரைத் தள்ளும். அந்த உச்ச உயரத்தில் ஓட்டம் சுழி ஆகிவிடும். இங்கே டியூபின் உள்விட்டம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. போகவர 6 மீட்டர் நீளமுள்ள 6 மி.மீ. டியூபில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட, உராய்வுக்கு மட்டுமே 2 மீட்டருக்கு மேல் ஹெட் (நீரைத் தள்ளும் உயரம்) வேண்டும். அந்தப் பம்பால் அது ஆகாது. 8 மி.மீ. டியூப் என்றால் 0.6 மீட்டர் போதும். விட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கே தேவை நான்கில் ஒன்றாகக் குறைகிறது. ஸ்பிண்டிலின் வாயில் சிறியது என்பதால் வழிநெடுகச் சிறிய டியூபையே போடுகிறார்கள். ஸ்பிண்டிலோடு நகரும் வயர்களையும் டியூபையும் தாங்கும் கேபிள் செயின் வரை பெரியதைக் கொண்டுவந்து, கடைசி ஒரு முழத்தில் மட்டும் சிறியதற்கு மாற்றுவதே சரி.

திரும்பும் டியூபின் முனையை நீருக்குள் முக்குவதா, மேலே தொங்கவிடுவதா என்பதில் இரு தரப்பும் உண்டு. முக்கிவைத்தால் இறங்கும் நீர் ஏறும் நீரை இழுத்துக்கொள்ளும். பம்ப் நின்றாலும் டியூபுக்குள் காற்று புகாது. மேலே தொங்கவிட்டால் நீர் விழுவதைக் கண்ணால் காணலாம்; ஆனால் பம்ப் நின்றதும் நீர் வடிந்து, மறுநாள் ஸ்பிண்டிலின் உச்சியில் காற்றுக் குமிழ் அடைத்துக்கொள்ளக்கூடும். முனையை முக்கிவைத்து, வழியில் ஒரு ஃப்ளோ ஸ்விட்ச் பொருத்தி, ஓட்டம் நின்றால் ஸ்பிண்டிலுக்கு மின்சாரம் கொடுத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. தானே நிற்கும்படி இணைப்பதையே நான் பரிந்துரைப்பேன். பம்ப் நின்றதை யாரும் கவனிக்காமல் மூன்று மணி நேரம் ஓடிக் கருகிய ஒரு ஸ்பிண்டிலைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அந்த வார்னிஷ் வாசனை மறக்கவில்லை.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் ஒரு வெப்பமானியும் போதும். திரும்பும் முனையை வெளியே எடுத்து, பாட்டில் எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். 30 நொடி என்றால் நிமிடத்துக்கு 2 லிட்டர். அரைச் சுமையில் சிறிது நேரம் ஓடிய பின், உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் அளந்து பாருங்கள். ஓட்டம் குறைந்து, வேறுபாடு 8, 10 டிகிரி என்று இருந்தால் வழியில் அடைப்பு: கேபிள் செயினில் மடங்கிய டியூப், காற்றுக் குமிழ் அல்லது உப்புப் படிவம். படிவத்தை நீர்த்த சிட்ரிக் அமிலத்தால் கரைத்துக் கழுவலாம். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் அலுமினியத்தையே தின்றுவிடும். வேறுபாடு 2, 3 டிகிரியாக இருந்து, இரண்டு நீருமே சூடாக இருந்தால், சூடு இறங்கும் இடம் போதவில்லை. நீர் குளிர்ச்சியாகவும் ஓட்டம் நன்றாகவும் இருந்து, ஸ்பிண்டிலின் கீழ்முனை மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால், முன் பேரிங் தேய்ந்திருக்கிறது.

நல்ல நீரோட்டத்திலும் புதிய ஸ்பிண்டில் சில நிமிடங்களில் கொதித்தால் வி.எஃப்.டி.யின் அமைப்பைப் பார்க்க வேண்டும். இந்த மோட்டாருக்கு 220 வோல்ட் கொடுக்க வேண்டியது 400 ஹெர்ட்ஸில். வி.எஃப்.டி. 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கான அமைப்பிலேயே விடப்பட்டிருந்தால், குறைந்த வேகத்திலேயே முழு வோல்டேஜும் பாய்ந்து, மின்னோட்டம் பல மடங்காகி, சுருள் கருகிவிடும். எவ்வளவு குளிர்ந்த நீரும் அதைக் காப்பாற்றாது. அதே கையோடு ஸ்பிண்டிலின் கூட்டுக்கு எர்த் இருக்கிறதா என்றும் சோதித்துவிட வேண்டும். பல மலிவு ஸ்பிண்டில்களில் நான்காவது பின் வெறுமனே விடப்பட்டிருக்கும், பக்கத்திலேயே தண்ணீரும் ஓடுகிறது.

சில்லர் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான ஆபத்து ஒன்று உண்டு. ஐப்பசி மழையில் 28 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், 24 டிகிரிக்குக் கீழான எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் துளியாகப் படியும். சில்லரை 20 டிகிரியில் வைத்தால் ஸ்பிண்டிலின் உள்ளேயும் பேரிங்கிலும் வியர்க்கும். மூடுபனி இறங்கும் ஏற்காட்டில், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், காற்றைவிட ஒரு டிகிரி குளிர்ந்தாலே வியர்த்துவிடும். அங்கே சில்லர் தேவையே இல்லை, வாளி போதும். சேலத்திலும் சில்லரை அறை வெப்பநிலைக்கு ஓரிரு டிகிரி கீழே மட்டும் வைப்பது பாதுகாப்பு.

வேலை முடிந்து ஸ்பிண்டிலை நிறுத்தியதும் பம்பையும் சேர்த்து நிறுத்திவிடுவது பட்டறைகளில் வழக்கம். தண்ணீர் தொடுவது வெளிக்கூட்டை மட்டுமே. நடுவில் உள்ள ரோட்டரின் சூடு, மெல்லிய காற்றிடைவெளியைத் தாண்டியும் பேரிங்குகளின் வழியாகவும்தான் கூட்டுக்கு வந்து சேர வேண்டும். சுழற்சி நின்ற பிறகும் அந்தச் சூடு பேரிங்குகளின் வழியே வந்துகொண்டிருப்பதால், பம்பை இன்னும் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும்.